மேல் எல்லை

சீதன உறுதியில் என் காணிக்கு
நாலு எல்லை எழுதியிருக்கிறது.
கீழ் எல்லை கையொழுங்கை.
வட எல்லை செல்லத்துரை வளவு.
தென் எல்லை வாய்க்கால்.
மேல் எல்லை
பரநிருபசிங்கத்தின் கதியால் வேலி.

மேல் என்றால் மேற்கு.
பழைய நொத்தாரிசு அப்படித்தான் எழுதுவார்.
வானத்தை அவர் நினைக்கவில்லை.
நானும்தான்,
வைகாசியில் மின்சார சபை ஜீப்
நீர்வேலிச் செம்மண்ணில் வந்து நிற்கும்வரை.

ஒரு பெடியன், கையில் சிவப்புப் பெயின்ற்.
பனைகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டே போனான்.
ஒன்பதோடு நிறுத்தினான்.
"இது?" என்று வடலியைக் காட்டினேன்.
"வடலி கணக்கில வராது, அக்கா."

கந்தோரில் மின்விசிறி சுற்றவில்லை.
படிவத்தைத் திருப்பித் திருப்பி விளக்கினார் உத்தியோகத்தர்.
கோபுரத்தின் கால் நிற்க மூன்று குழி.
அதற்குக் காசு.
பனைக்குக் காசு. நிற்கிற வாழைக்கு, குலையை எண்ணி, காசு.
கம்பிக்குக் கீழே கிடக்கிற நாலு பரப்புக்கு?
"அது உங்கட காணிதானே. ஆர் எடுத்தது?"

வாழை வைக்கலாமோ?
"உயர விடாதேங்கோ."
புதுக் கிணறு?
"வேண்டாம்."
மகளுக்கு ஒரு வீடு?
அவர் பேனையை மூடினார்.
எடுக்காமல் எடுப்பதற்கு
என்ன பெயர் என்று கேட்க நினைத்தேன்.
பின்னால் வரிசையில்
வெங்காயக்காரர் ஏழு பேர் நின்றார்கள்.

"புருசன்ர ஒப்பமும் வேணும், அம்மா. தேசவழமை."

ஒன்பது பனைக்குச் சிவப்பு அடிக்க
ஒருவரின் ஒப்பமும் வேண்டியிருக்கவில்லை.
நான் ஓம் என்று சொல்லத்தான்
அவருடைய ஓம் வேண்டும்.

பரந்தனுக்குப் பஸ் ஏறினேன்.
ஆனையிறவு வெளியில்
கோபுரங்கள் எனக்கு எதிராக நடந்துவந்தன,
தோளில் கம்பி சுமந்து,
நான் விட்டுவந்த பக்கம் நோக்கி.
யன்னலோரப் பிள்ளை எண்ணிக்கொண்டு வந்தது.
நாற்பத்திரண்டில் நித்திரையாகிவிட்டது.

அரிசி ஆலை வாசலில் தவிட்டுத் தலையோடு வந்தார்.
பதினொரு வருசத்துக்குப் பிறகு முதல் சொல்:
"எவ்வளவு?"
சொன்னேன்.
"அதில பாதி..."
"சீதனம்," என்றேன். "தேடிய தேட்டம் இல்லை."
சாக்குக் கட்டிலிருந்து ஒரு பூனை இறங்கிப்போனது.
உள்ளே போய்ப் பேனை தேடிக் கொண்டுவந்தவள்
அவருடைய மற்றவள்.
எழுதுகிறதா என்று
தன் உள்ளங்கையில் கீறிப் பார்த்துத்தான் தந்தாள்.
எங்கே ஒப்பமிடுவது என்று விரலால் காட்டியதும் அவள்தான்.
வாசிக்காமல் போட்டார்.
கலியாண எழுத்திலும் அப்படித்தான் போட்டார்.

திரும்பிவந்த இரவு
படிவத்தின் அடியில் ஒரு கட்டம் கண்டேன்.
'ஆட்சேபனை ஏதுமிருப்பின்.'
இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.
மூன்று வரி எழுதினேன்:

என் வாழை பதினைந்து அடி போகும்.
என் பனை அறுபது போகும்.
மேல் எல்லையை அளந்து, அதற்கும் காசு தரவும்.

எழுதுவினைஞர் இரண்டு தரம் வாசித்தார்.
"மேற்கெண்டு நினைச்சிடுவினம், அக்கா."
"நினைக்கட்டும்.
அங்கேயும் அளக்கட்டும்."
சிரித்துவிட்டு, திகதி முத்திரையை மையில் தோய்த்தார்.

ஐப்பசியில் பனை ஒன்பதும் விழுந்தன.
முதல் காசு வங்கிக்கு வந்தது.
அதில் மகளுடைய பீஸ், கூட்டுறவுக் கடனில் ஒரு பங்கு,
ஒரு தண்ணீர் மோட்டர்.
கம்பி மழையில் முணுமுணுக்கிறது.
குடைப்பிடியைத் தொட்டால் சிலநேரம் கை கூசுகிறது.
அதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.
பதில் இல்லை.

கம்பிக்கு நேர் கீழே
வடலி இந்த மாரிக்கு
இன்னுமொரு ஓலை விரித்திருக்கிறது.
மரம் தறிக்கிறவர்கள் வந்தால்
இலக்கம் கேட்பேன்.
அதற்கு இலக்கமில்லை.